சுவர் ஏட்டை அழகு செய்யப் பழகுவோம்

சுவர் ஏட்டுக் குழு மாணவியர்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது பழமொழி. உடல் நலத்தைப் பற்றிப் பெரியோர் சொன்ன மொழி அது. ஆயினும், பள்ளியில் சுவர் ஏடு நடத்துகிறவர்களுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும். சுவர் இருக்கிறது, அதில் ஒரு பலகையும் இருக்கிறது. கட்டுரையும் கவிதையும் விடுகதையும் எழுதித் தரத் தோழியரும் இருக்கின்றனர். ஆனால் அவற்றைப் பலகையில் எப்படி அமைப்பது? எந்த நிறம் தீட்டுவது? எழுத்தை எவ்வளவு பெரிதாக எழுதுவது? புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு மாணவியும் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு எங்களால் இயன்ற விடையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

'கருத்து நன்றாக இருந்தால் போதாதா? அழகு எதற்கு?' என்று கேட்போர் உண்டு. வீட்டில் அமர்ந்து படிக்கும் புத்தகத்திற்கு அந்தக் கேள்வி ஒருவேளை பொருந்தலாம். சுவர் ஏட்டை வாசகர் நின்றுகொண்டு படிக்கிறார். இடைவேளை மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே, முன்னால் நிற்கும் தோழியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படிக்கிறார். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் வாழ்நாளில் முதன்முதலாக எழுதிய எட்டு வரிக் கவிதை, பலகையின் அடி மூலையில் மஞ்சள் மையில் நுணுக்கி எழுதப்பட்டிருந்தால், அதை யார் படிப்பார்? அவள் எழுதியும் எழுதாதது போலத்தான். மறுமாதம் அவள் எழுதித் தருவாளா என்பதும் ஐயமே. ஆகவே சுவர் ஏட்டின் அழகு என்பது எழுதியவளையும் படிப்பவளையும் சேர்த்து வைக்கும் பாலமாகும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

மாற்றக் கூடியவை எவை?

கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைக்கிறார். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று வாசலின் அளவைப் பார்த்து முடிவு செய்த பிறகே கோடு இழுக்கிறார். சுவர் ஏட்டுக்கும் அதுவே முறை. வண்ணப் பேனாவைக் கையில் எடுக்குமுன் பலகையின் எதிரே சற்று நேரம் நிற்க வேண்டும்.

பலகையின் அளவு, அது மாட்டியிருக்கும் இடம், சன்னல் வெளிச்சம் வரும் பக்கம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் நம் கையில் இல்லாதவை. பலகைக்குக் கண்ணாடிக் கதவு இருந்தால், எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று காலையிலும் மதியத்திலும் பார்த்து வைக்கலாம். அந்தப் பகுதியில் படம் ஒட்டலாம். நுண்ணிய எழுத்து வேண்டாம்.

நம் கையில் இருப்பவை ஐந்து. எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம், எழுத்தின் வடிவம், ஒவ்வொன்றையும் வைக்கும் இடம். இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

எழுத்தின் அளவு

கண் மருத்துவரிடம் சென்றவர்கள், சுவரில் மாட்டிய அட்டையில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகளைப் படித்திருப்பார்கள். அவ்வகை அட்டையை ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்டார். நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டர் தொலைவில் நின்று படிக்க வேண்டிய எழுத்தின் உயரம் அதில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதாவது தொலைவு ஒரு மீட்டர் கூடினால் எழுத்து ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வளர வேண்டும். இது பார்வையின் எல்லை. எல்லையில் நின்று எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கலாமே ஒழிய, ஓடும் வாக்கியமாகப் படிக்க இயலாது.

மேலும், எல்லாருடைய பார்வையும் ஒன்றல்ல. கண் மருத்துவர் 6/18 என்று எழுதித் தந்தால், மற்றவர் 18 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று பொருள். ஆகவே இவருக்கு எழுத்து மூன்று மடங்கு பெரிதாக வேண்டும். இன்னும் கண்ணாடி வாங்காத சிறுமியர் எந்த வகுப்பிலும் இருக்கக் கூடும். தமக்குப் பார்வை குறைவு என்பதையே அறியாதவர்களும் இருக்கக் கூடும்.

அந்த மூன்று மடங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் எளிய விதி ஒன்று கிடைக்கிறது. ஒரு மீட்டர் தொலைவுக்கு 5 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். பலகையருகே ஒரு மீட்டர் தொலைவில் நின்று படிக்கும் கட்டுரைக்கு எழுத்து 5 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நடந்து போகிறவரை நிறுத்த வேண்டிய தலைப்புக்கு 15 மில்லிமீட்டர். தாழ்வாரத்தின் மறுபுறம் 6 மீட்டரில் நிற்பவருக்கும் தெரிய வேண்டிய ஏட்டின் பெயருக்கு 30 மில்லிமீட்டர். ப, ம போன்ற கொம்பும் சுழியும் இல்லாத எழுத்தின் உயரத்தையே இவ்வாறு அளக்க வேண்டும்.

'இவ்வளவு பெரிதாக எழுதினால் எல்லாக் கட்டுரைகளுக்கும் இடம் இராதே!' என்ற கவலை வரும். இது புதிய கவலையன்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்த தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள். தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். புத்தகத்தைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டு வரலாம். ஆகவே எழுத்தைக் குறைக்க முடிந்தது. சுவரைக் கண்ணருகே கொண்டு வர முடியாது. எனவே இடம் போதாத மாதத்தில் எழுத்தைச் சுருக்காமல் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே நலம். எஞ்சியவற்றுக்கு அடுத்த இதழ் இருக்கிறது. யாருடையது காத்திருக்கிறது என்பதை அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

இடைவெளியும் எழுத்தே

பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. அவற்றைப் பிரித்துப் படித்து நமக்குப் புத்தகமாகத் தர, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஓலை சிறிது; அக்காலத்தார் நெருக்கி எழுதியதற்குக் காரணம் இருந்தது. சார்ட் தாளில் எழுதும் நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

தமிழ் எழுத்துக்கு வரிகளின் இடைவெளி சற்றுக் கூடுதலாகவே வேண்டும். மேலே புள்ளியும் 'கி', 'கீ' ஆகியவற்றின் விசிறியும் எழும்புகின்றன. கீழே 'சு', 'பூ', 'ழு' போன்றவற்றின் கால்கள் இறங்குகின்றன. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டர் என்றால், ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 12 மில்லிமீட்டராவது விட்டு, பென்சிலால் மெல்லிய கோடு இட்டுக்கொள்ளலாம்.

வரியின் நீளமும் கவனிக்கத் தக்கது. பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வரியாக எழுதினால், கண் திரும்பி வரும்போது அடுத்த வரி எது என்று தடுமாறும். செய்தித்தாள்கள் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிப்பது இதனால்தான். வரிக்கு ஐந்து முதல் எட்டுச் சொற்கள் என்று அமைத்தால் நின்று படிப்பவருக்குக் களைப்பு வராது. தாளின் நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை ஓரம் விட வேண்டும். அந்த வெற்றிடம் வீணான இடம் அன்று. படத்துக்குச் சட்டம் போல, எழுத்துக்கு அது எல்லை காட்டுகிறது.

நிறம் எதற்கு?

புதிதாகத் தொடங்குகிறவர் கையில் பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனாப் பெட்டி கிடைத்தால், பன்னிரண்டையும் ஒரே தாளில் காட்டவே கை துடிக்கும். அதற்குமுன் திருப்பலிப் புத்தகத்தை ஒரு முறை திறந்து பார்க்கலாம். அதில் வாயால் சொல்ல வேண்டிய செபம் கறுப்பு எழுத்தில் இருக்கும். எழுந்து நிற்றல், கைகளை விரித்தல் போன்ற செயல்களைப் பற்றிய குறிப்பு சிவப்பு எழுத்தில் இருக்கும். கறுப்பைச் சொல்ல வேண்டும். சிவப்பைச் செய்ய வேண்டும். அச்சு தோன்றுமுன் கையால் எழுதிய நூல்களிலிருந்தே வந்த வழக்கம் இது. அங்கே சிவப்பு அலங்காரத்துக்காக வரவில்லை. ஒரு பொருளைச் சுமந்து வருகிறது. எத்தனை நூற்றாண்டு கடந்தும் அது நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதுவே.

இதைப் பின்பற்றி நாமும் நிறத்துக்கு ஒரு வேலை தரலாம். கட்டுரைகள் யாவும் கருநீலம் அல்லது கறுப்பு. தலைப்புகள் ஒரே சிவப்பு. அறிவிப்புகளுக்கு மட்டும் பச்சைக் கட்டம் என்று வகுத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் வாசகியர் நிறத்தைக் கண்டே எது எங்கே என்று அறிந்துகொள்வர்.

வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து ஏன் தெரிவதில்லை? மஞ்சள் நிறம் ஏறக்குறைய வெள்ளை அளவுக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நிறத்தில் வேறுபாடு உண்டு. வெளிச்சத்தில் வேறுபாடு இல்லை. கண் எழுத்தைப் பிரித்தறிய வெளிச்ச வேறுபாடே முதன்மையானது. அதே மஞ்சள் தாளின் மீது கறுப்பால் எழுதினால் பளிச்சென்று தெரியும். பச்சைத் தாளில் சிவப்பு எழுத்தும் இவ்வாறே ஏமாற்றும். பண்டிகைக் காலத்தில் பார்க்க அழகாயிருக்கும்; படிக்கும்போது கண் வலிக்கும்.

இங்கே மற்றொன்றும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வை சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது. ஐரோப்பிய வழியினரிடையே ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவரும், பெண்களில் 200 பேருக்கு ஒருவரும் இத்தகையோர் என்று கணக்கிட்டுள்ளனர். அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களிடம் இது குறைவு. நம்முடையது பெண்கள் பள்ளிதான். ஆயினும் பெற்றோர் தினத்தன்று தந்தையரும் தம்பியரும் பலகையின் முன் நிற்கிறார்கள் அல்லவா? ஆகவே நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லலாகாது. 'சிவப்பில் உள்ளவை சரியான விடைகள்' என்று எழுதுவதைவிட, சிவப்போடு ஒரு நட்சத்திரக் குறியும் இட்டுவிட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

நிறப் பொருத்தத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஆசிரியையின் கைப்பேசியில் பலகையைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துத் தரச் சொல்லலாம். அதில் மறைந்து போகும் எழுத்தை மாற்றி எழுத வேண்டும்.

எழுத்தின் வடிவம்

தலைப்பை மலர் போலவும் கொடி போலவும் எழுத ஆசை எழுவது இயல்பு. எழுதலாம். ஆனால் வளைத்து வளைத்து எழுதும்போது 'எ' எது, 'ஏ' எது என்று தெரியாமற் போனால் அழகு அங்கேயே முடிந்தது.

இந்த இரண்டு எழுத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் குறிலாகிய எகரமும் ஒகரமும் புள்ளி பெற்றன. நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளியை விட்டுவிட்டு எழுதியபோது குறிலும் நெடிலும் ஒன்றாகிப் படிப்போர் இடர்ப்பட்டனர். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குத் தனி வடிவம் தந்து இக்குறையைத் தீர்த்தார் என்பர். ஒற்றைக் கொம்புக்கு மாறாக இரட்டைச் சுழிக் கொம்பு இட்டால் 'கெ' என்பது 'கே' ஆகிறது. ஒரு சிறு சுழிதான். ஆனால் 'செடி'க்கும் 'சேடி'க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் இன்று தடையின்றி அறிகிறது.

பின்னும் ஒரு மாற்றம் வந்தது. ணா, றா, னா ஆகியவற்றையும் ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் நம் பாட்டிமார் வேறு வடிவில் எழுதினர். 'லை'யின் முன்னே யானைத் துதிக்கை போன்ற ஒரு வளைவு இருந்தது. மற்ற எழுத்துகளுக்கு உள்ள பொது முறையிலேயே இவற்றையும் எழுதலாம் என்று பெரியார் 1935-இல் தம் ஏட்டில் எழுதிக் காட்டினார். தமிழக அரசு 1978-இல் அதை ஆணையாக்கிற்று. வீரமாமுனிவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். 1978-இன் ஆணை வேண்டாதவற்றைக் குறைத்தது. சேர்த்ததும் குறைத்ததும் படிப்பவர் படும் பாட்டை எண்ணியே.

நாமும் அலங்காரத்தை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். அலங்கார எழுத்து ஏட்டின் பெயருக்கும் சிறப்புத் தலைப்புக்கும் போதும். உள்ளே கட்டுரை முழுவதும் நேரான தெளிந்த கையெழுத்தே வேண்டும். குழுவில் யார் கையெழுத்து தெளிவானதோ அவரிடம் அப்பணியைத் தரலாம். ஜிகினாத் தூளும் வெல்வெட் தாளும் ஓரத்தில் இருந்தால் அழகு. எழுத்தின் மேல் விழுந்தால் இடையூறு.

வைக்கும் இடம்

பதினொரு வயதுச் சிறுமியின் உயரம் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். கண் அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே. ஆகவே தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரம்தான் சிறிய வகுப்பினரின் கண்மட்டம். பெரியவர் தலையைச் சற்றுத் தாழ்த்தி அதைப் படித்துவிடுவார். சிறியவரோ தலைக்கு மேலே உள்ளதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இதை எண்ணினால், சிறிய வகுப்பினர் எழுதியவற்றைக் கண்மட்டத்திலும், பெரிய எழுத்துத் தலைப்புகளையும் படங்களையும் மேலேயும் வைப்பது நியாயம் என்பது விளங்கும். கீழ் வரிசைக்கு விடுகதை, புள்ளி இணைத்தல் போன்ற விளையாட்டுகள் பொருந்தும். அவற்றைக் குனிந்து பார்க்கச் சிறுமியர் அஞ்சமாட்டார்.

மாதந்தோறும் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டுவதில்லை. ஏட்டின் பெயர் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கட்டும். அறிவிப்புகளும் பிறந்தநாள் பட்டியலும் அவ்வாறே. வீட்டில் உப்பு ஜாடி ஒரே இடத்தில் இருந்தால்தான் சமையல் நடக்கும். நிலையானவை நிலையாக இருந்தால்தான் புதியது எது என்று வாசகி உடனே காண்பாள்.

எப்படித் தொடங்குவது?

முதல் மாதத்திலேயே அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். பின்வரும் ஒழுங்கில் செய்யலாம்.

முதலாவது, இருக்கும் பலகையை அப்படியே ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும். புதியது சரிப்படாவிட்டால் பழையதற்குத் திரும்ப அது உதவும்.

இரண்டாவது, ஒரு மாதத்திற்கு ஒரே ஒரு மாற்றம். இம்மாதம் எழுத்தின் அளவு. அடுத்த மாதம் நிறம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க இயலாது.

மூன்றாவது, குறிப்பேட்டில் பலகையின் சிறு வரைபடம் ஒன்று போட்டு, எது எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு தாள்களைக் குண்டூசியால் மட்டும் குத்திப் பார்த்து, தள்ளி நின்று கண்டபிறகு பசை தடவலாம்.

நான்காவது, மூன்று பேரிடம் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒருவர் சிறிய வகுப்பு மாணவி. ஒருவர் கண்ணாடி அணிந்தவர். ஒருவர் வயதில் மூத்த அருட்சகோதரி. 'நன்றாயிருக்கிறதா?' என்று கேட்டால் மூவரும் அன்பினால் 'ஆம்' என்றே சொல்வர். ஆகவே அப்படிக் கேட்காமல், 'இந்த வரியைப் படியுங்கள்' என்று கேட்க வேண்டும். எங்கே அவர்கள் நிறுத்தித் தடுமாறுகிறார்களோ, அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

ஐந்தாவது, இடைவேளையில் சற்றுத் தள்ளி நின்று, எந்தப் பகுதியின் முன் வாசகியர் நிற்கின்றனர், எதைத் தாண்டிப் போகின்றனர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் எதை மாற்றுவது என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

தோழியரே, இவற்றுக்கெல்லாம் பெரும் பணமோ தனித் திறமையோ வேண்டியதில்லை. ஓர் அளவுகோல், ஒரு பென்சில், இரண்டு நிற மை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். விருந்துக்கு இலை போடும்போது தண்ணீர் தெளித்துத் துடைத்து, நுனி இலை இடப்பக்கம் இருக்குமாறு விரித்து வைக்கிறோம். அது சோற்றுக்குச் சுவை கூட்டுவதில்லை. வந்தவரை மதிக்கிறோம் என்று சொல்கிறது. சுவர் ஏட்டில் நாம் விடும் ஓரமும், பெரிதாக எழுதும் எழுத்தும், கண்மட்டத்தில் வைக்கும் கவிதையும் அத்தகையனவே. கூட்டத்தின் கடைசியில் நிற்கும் சிறுமியும் தடையின்றிப் படித்துவிட்டு, 'அடுத்த இதழுக்கு நானும் எழுதித் தரட்டுமா, அக்கா?' என்று கேட்டால், அந்த இதழை நாம் அழகு செய்துவிட்டோம் என்று மகிழலாம்.